லண்டனில் ரெக்கார்டு கடைகள்: ஏப்ரல் குறிப்புகள்

6 ஏப்ரல் 2024

ஆக்ஸ்ஃபோர்டு தெரு, 363ஆம் எண். ரெக்கார்டு கடைத்தொடரான எச்.எம்.வி.யின் முதல் கடையை 1921இல் இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் திறந்துவைத்த இடம். 1962இல் பீட்டில்ஸ் பாடிய ஒலிநாடாவைத் தட்டில் பதித்துக்கொள்ள அவர்களுடைய மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் வந்ததும் இங்கேதான். அன்று கிடைத்த அறிமுகம்தான், பின்னால் அவர்களுடைய பாடல்களைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டின் வரை கொண்டுபோனது. 2019இல் மூடிய கடை, போன நவம்பரில் மறுபடி திறந்தது. நுழைந்தால் பொம்மையும் டி-ஷர்ட்டும். இசைத்தட்டைத் தேடித்தான் போக வேண்டியிருந்தது. ஆனாலும் திறந்திருக்கிறதே, அது போதும் எனக்கு.

11 ஏப்ரல்

"ரெக்கார்டு கடைகள் மூடியதெல்லாம் இன்டர்நெட் செய்த வேலை" என்றார் நண்பர். பாதிதான் உண்மை. 2008 கடைசியில் வுல்வொர்த்ஸ் என்ற பெரிய கடைத்தொடர் நொடித்தது. அதன் மொத்த வியாபாரப் பிரிவிடம்தான் ஸாவி என்ற ரெக்கார்டு கடைத்தொடர் (பழைய வர்ஜின் மெகாஸ்டோர்ஸ்) சரக்கு எடுத்துவந்தது. வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில் சரக்கு வரத்து நின்றது. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஸாவியும் விழுந்தது.

எனக்கு இன்றும் ஆறாதது வரி விஷயம். 18 பவுண்டுக்கு உட்பட்ட சரக்கை ஆங்கிலக் கால்வாயில் இருக்கும் ஜெர்சி, கெர்ன்சி தீவுகளிலிருந்து தபாலில் அனுப்பினால் வாட் என்ற விற்பனை வரி அப்போது கிடையாது. சிடிக்கள் அந்த வழியாகக் கொட்டின. பெரிய கடைகளும் அங்கே கிளை போட்டுக்கொண்டன. தெருமுனைக் கடைக்காரர் என்ன செய்வார்? வாடகையும் கட்டி, வாட்டும் கட்டி, அதே சிடியை அதே விலைக்கு எப்படி விற்பார்? சலுகையை 2012 ஏப்ரலில்தான் நிறுத்தினார்கள். அரசாங்கம் நினைத்திருந்தால் பல வருடம் முன்பே செய்திருக்கலாம்.

20 ஏப்ரல்

ரெக்கார்டு ஸ்டோர் டே, தனியார் ரெக்கார்டு கடைகளைக் கொண்டாடும் நாள். எங்கள் பக்கத்துச் சின்னக் கடையில் விடியற்காலையிலேயே வரிசை. பழைய எல்.பி. இசைத்தட்டு ஒன்றை ஒரு பையன் நீட்டினான். கடைக்காரர் தட்டை உருவி, விளிம்பை மட்டும் உள்ளங்கைகளில் தாங்கி, விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார். மயிரிழையாய் ஒரு கீறல். "இரண்டாவது பாட்டில் 'டிக்' கேட்கும், போட்டுக் காட்டட்டுமா?" என்றார். முள்ளை வைத்தார், கேட்டது. இரண்டு பவுண்டு குறைத்துக் கொடுத்தார். வரிசையில் யாரும் முகம் சுளிக்கவில்லை.

போன வருடம் பிரிட்டனில் 59 லட்சம் எல்.பி. விற்றனவாம். சந்தோஷம்தான். ஆனால் புதுசு ஒன்றின் விலை முப்பது பவுண்டைத் தொடுகிறது. அந்தப் பையனைப் போன்றவர்கள் எத்தனை நாள் வருவார்கள்?

24 ஏப்ரல்

மே மாதம் வேல்ஸில் உள்ள கார்டிஃப் போக டிக்கெட் எடுத்தாயிற்று. 1894இல் தொடங்கிய ஸ்பில்லர்ஸ் ரெக்கார்டு கடையைப் பார்க்க வேண்டும். 2010இல் அதே ஊரின் மார்கன் ஆர்கேட் என்ற கடைவளாகத்துக்கு இடம் மாறி, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்க வேண்டியவற்றை எழுதி வைத்திருக்கிறேன்.