வலிப்பு நின்றது, எரிச்சல் எங்கிருந்து வந்தது?

வலிப்பு மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் "எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், முன்பு இப்படி இல்லையே" என்று வீட்டார் சொன்னால், அதைக் குணக்கேடு என்று ஒதுக்காதீர்கள். லெவெடிரசெட்டம் என்ற வலிப்பு மருந்து சிலருக்கு எரிச்சலும் மனச்சோர்வும் தரும். டோபிரமேட், பெராம்பனெல் மருந்துகளிலும் இது உண்டு.

இதற்காக மாத்திரையை ஒரேயடியாக நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. விடாமல் அடுத்தடுத்து வலிப்பு வரலாம். அதற்குப் பதில் ஒரு நோட்டுப் போடுங்கள்: மாத்திரை தொடங்கிய தேதி, அளவு கூட்டிய தேதி, வலிப்பு வந்த நாள், தூங்கிய நேரம், அன்றைய மனநிலை. அளவு கூட்டியதும் எரிச்சலும் கூடினால் சந்தேகம் மருந்தின் மேல். வலிப்புக்கு ஓரிரு நாள் முன்னும் பின்னும் மட்டும் வந்தால் அது வலிப்போடு ஒட்டி வருவது. மருந்தை மாற்றுவதா, அளவைக் குறைப்பதா என்று மருத்துவர் முடிவெடுக்க இந்த நோட்டு பெரிதும் உதவும். (மனநிலைப் பத்தியை வீட்டில் இன்னொருவரும் எழுதட்டும். தன் கோபம் தனக்குத் தெரியாது.)

இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. மனச்சோர்வு மாத்திரை வலிப்பைக் கூட்டும் என்ற பயம் பெரும்பாலும் தேவையற்றது: செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் வழக்கமான அளவில் பொதுவாகப் பாதுகாப்பானவை. புப்ரோப்பியான் போன்ற சில மனச்சோர்வு மாத்திரைகள்தான் தவிர்க்கப்படுபவை.

பல வலிப்புகள் அடுத்தடுத்து வந்து, ஓரிரு நாள் தெளிவாக இருந்துவிட்டு, பிறகு ஆள் சந்தேகப்படுகிறார், இல்லாத குரல் கேட்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனை. சாகப்போவதாகப் பேசினாலும் அப்படியே.