அதிர்ஷ்ட டோக்கன் சேகரிப்பு: 41 வந்தாச்சு, ஒன்று பாழாச்சு

சுற்றுலாத் தலங்களில் ஒரு மூலையில் நிற்குமே, காசைப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் அதை நீள்வட்டமாக நசுக்கிப் படம் பதித்துத் தரும் இயந்திரம், அதில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. குதிரை லாடம், நான்கு இலை கிளாவர் என அதிர்ஷ்டச் சின்னம் உள்ளதை மட்டும் சேர்ப்பேன் என்று கறாராகத்தான் ஆரம்பித்தேன். மூன்று வருடத்தில் 41 சேர்ந்திருக்கிறது, அதில் அப்படிச் சின்னம் உள்ளது பதினொன்றுதான்.

முதலில் நசுக்கிய அமெரிக்க சென்ட்களில் பாதிக்கு மேல் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. இயந்திரம் சரியில்லை என்று திட்டிவிட்டு வந்தேன், தப்பு என்னுடையதுதான். 1982 நடுவில் அந்தக் காசின் உலோகத்தை மாற்றிவிட்டார்கள்: முந்தையதில் 95 சதவீதம் செம்பு, பிந்தையது துத்தநாகத்தின் மேல் மெல்லிய செம்புப் பூச்சு. உருளைக்குள் போகும்போது பூச்சு இழுபட்டு உள்ளே இருப்பது எட்டிப் பார்க்கிறது. 1982 என்று போட்ட காசில் இரண்டு வகையும் உண்டு, எடை போட்டால்தான் தெரியும், செம்பு 3.11 கிராம், மற்றது 2.5 கிராம். இப்போதெல்லாம் பழைய காசாகப் பார்த்து, பென்சில் அழிப்பானால் தேய்த்துப் பளபளப்பாக்கி டப்பாவில் போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அலுமினிய வளையத்துக்குள் சென்ட் பொதிந்த வகை. 1901ல் பஃபலோ நகரில் நடந்த பான் அமெரிக்கன் கண்காட்சிக் காலத்திலிருந்தே இவை இருக்கின்றன. 'என்னை வைத்துக்கொள், ஓட்டாண்டி ஆகமாட்டாய்' என்ற பொருளில் பலவற்றில் எழுதியிருக்கும். இதைப் படித்துவிட்டு, உள்ளே இருக்கும் ஒரு சென்ட்டுக்காக எத்தனை சென்ட் கொடுத்தேன் என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை.

பாரிஸ் நாணயச்சாலையின் சுற்றுலா மெடல்கள் வேறு ரகம். 34 மில்லிமீட்டர் விட்டம், தடிமனும் கூட, நீள்வட்டக் காசுக்கான பையில் நுழையாது. அதனால் கையில் கிடைத்த மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகளில் போட்டு வைத்தேன். அங்கேதான் வினை. அது பிவிசி, நாளாக நாளாக உலோகத்தைக் கெடுக்கும் பிளாஸ்டிக். சில மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு மெடல்களில் பச்சையாக, பிசுபிசுவென்று ஏதோ படிந்திருக்கிறது. ஒன்றை அசிட்டோன் என்ற கரைப்பானில் ஊறவைத்தேன், போய்விட்டது. இன்னொன்றை, அதற்கு முன்பே, அவசரப்பட்டுப் பற்பசை போட்டுத் தேய்த்திருந்தேன். பச்சை போனது, கூடவே முகப்பின் மினுமினுப்பும் போய் முழுக்கக் கீறல்.

சரி, இப்போது எல்லாம் பிவிசி இல்லாத, கெட்டியான மைலார் என்ற பாலியஸ்டர் உறைக்கு மாறிவிட்டன. அப்புறம் அந்தக் கீறல் விழுந்த மெடல், அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைகிறேன். இனி அதற்கு உறை எதற்கு?