கழுவுற தண்ணி எங்க போகுது?

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் அப்பா தொடங்கிய சின்ன முலாம் பூசும் பட்டறை எங்களுடையது. குத்துவிளக்கு, சைக்கிள் ஹாண்டில், மோட்டார் சைக்கிள் சாமான்கள் வரும். நிக்கல் போட்டு, மேலே குரோமியம் ஏற்றிக் கொடுப்போம். சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்துக்காகப் பார்வையிட வந்த அலுவலர் கேட்டது ஒன்றுதான்: “கழுவுற தண்ணி எங்க போகுது, தம்பி?”

பின்வளவுக் குழிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. எங்கள் மண்ணுக்குக் கீழே வெடிப்பும் துளையுமான சுண்ணாம்புக்கல். வற்றாத ஆறு இல்லாத ஊர். குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்த நிலத்தடி நீரைத்தான். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த காலத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. குடிநீரில் குரோமியத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 0.05 மில்லிகிராம். எங்கள் குரோமியத் தொட்டியிலோ லீற்றருக்கு 250 கிராம் குரோமிக் அமிலம். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

சுத்திகரிப்புக்கு ஓரிடத்தில் விலை கேட்டேன். பட்டறையை விற்றாலும் கட்டாது. சரி, தொட்டியை விட்டு வெளியே போவதையே முதலில் குறைப்போம் என்று இறங்கினேன்.

சாமானை மெல்லத் தூக்கி, தொட்டிக்கு மேலேயே பத்து எண்ணும்வரை வடியவிட்டோம். குத்துவிளக்குத் தட்டு கிண்ணம் மாதிரி மருந்தை, அதாவது தொட்டியிலுள்ள முலாம் கரைசலை, அள்ளிக்கொண்டு வரும். அதைச் சரித்துக் கொளுவினோம். அடுத்தது கழுவல். சாமானோடு ஒரு லீற்றர் மருந்து வந்தால், அதை ஆயிரத்தில் ஒன்றாக நீர்க்கச் செய்ய ஒரே தொட்டியில் ஏறக்குறைய 1000 லீற்றர் தண்ணீர் ஓடவேண்டும். இரண்டு தொட்டி வைத்து, தண்ணீரைக் கடைசித் தொட்டியில் விட்டு முன்தொட்டிக்கு வழியவைத்தால் சுமார் 32 லீற்றர் போதும். அப்பா நம்பவில்லை. ஒரு கிழமை வாளியும் மணிக்கூடுமாக நின்று தானே அளந்து பார்த்தார். அதன்பிறகு குழாயை வீணாகத் திறந்துவிட அவரே விடமாட்டார்.

நிக்கல் தொட்டி 55 பாகை சூட்டில் இருப்பதால் தண்ணீர் ஆவியாகிக் குறையும். அந்தக் குறைவை நிரப்ப, நிக்கலுக்கு அடுத்து ஓடாத தண்ணீருள்ள ஒரு தொட்டி வைத்து, சாமானை முதலில் அதில் தோய்த்தோம். அதில் சேரும் நிக்கல் திரும்ப மருந்துத் தொட்டிக்கே போகும். முதலில் அதற்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியது பிழை. எங்கள் தண்ணீரில் கல்சியம் கூட. பூச்சு மணல் தூவியதுபோல் சொரசொரத்து, ஒரு கோயிலின் விளக்குகள் முழுவதையும் உரித்துத் திரும்பப் போட்டோம். இப்போது மாரி மழையில் கூரைத் தண்ணீர் பிடித்து வைக்கிறோம்.

குரோமியம் கழுவிய தண்ணீரைத் தனியாகச் சேர்த்து, அமிலம் விட்டு பிஎச் (புளிப்பு, காரத்தைக் காட்டும் அளவு) 2.5க்கு இறக்கி, சோடியம் மெற்றாபைசல்பைற்று போடுவோம். மஞ்சள் பச்சையாக மாறும்; கரைந்தே நிற்கும் குரோமியம் அடியில் படியக்கூடிய வகையாக மாறுவதன் அடையாளம் அது. மூக்கை அரிக்கும் வாயு வருவதால் முகமூடியோடு திறந்த வெளியில்தான் இந்த வேலை. மஞ்சள் முற்றாகப் போனபிறகே கோஸ்டிக் சோடா என்ற காரம் விட்டு பிஎச் 8.5க்கு ஏற்றவேண்டும்; அவசரப்பட்டால் மிச்சக் குரோமியம் படியாமல் தண்ணீரோடு போய்விடும். நிக்கல் தண்ணீரில் உள்ள நிக்கல் நன்றாகப் படிய பிஎச் 10 அளவில் வேண்டும். அதனால் இரண்டையும் கலப்பதில்லை.

உரிமம் கிடைத்துவிட்டது. அடியில் படிந்த பச்சைச் சேற்றை உலரவிட்டு, மூடிய பரல்களில் கூரைக்குக் கீழே வைத்திருக்கிறோம். ஏற்றுக்கொள்ள உரிமம் உள்ளவர்களிடம்தான் அதைக் கொடுக்கலாம். பின்வளவுக் குழியைக் கொங்கிறீற்றால் மூடியாயிற்று.