மழைக்கணக்கும் எட்ஜ்களும்: கிருஷ்ணகிரி நாட்குறிப்பு

மே 5

எழுத ஆரம்பித்தாச்சு. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் மழைமானி நிலையங்களில் பதிவான பழைய கணக்கையும் கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணை நீர்மட்டத்தையும் சேர்த்துப் பார்க்க, பைத்தான் நிரல்மொழியில் ஒரு பைப்லைன் ஃப்ரேம்வொர்க், அதாவது வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஓட்டும் சட்டகம். ஒவ்வொரு வேலையும் ஒரு நோட். ஒன்றின் விடை அடுத்ததற்குப் போகும் வழி எட்ஜ்.

கூட வேலை செய்யும் பர்கூர்த் தம்பி கேட்டான்: “ஏர்ஃப்ளோ இருக்கேண்ணா, நாம எதுக்கு எழுதணும்?” நியாயமான கேள்வி. 2014-ல் ஏர்பிஎன்பி நிறுவனத்துக்குள் உருவான ஏர்ஃப்ளோ மென்பொருள், எந்த வேலை எதற்குப் பிறகு எப்போது ஓடணும் என்பதை நன்றாகவே பார்த்துக்கொள்ளும். நோட்டுக்கு நோட்டு போகும் டேட்டா எப்படிப்பட்டது என்பது அதன் முதல் கவலை இல்லை. எனக்கு அதுதான் முதல் கவலை. மழைக்கணக்கு கெடுவது நோட்டுக்குள் குறைவு, இரண்டு நோட்டுக்கு நடுவில்தான் அதிகம்.

மே 6

நோட்டுகளை ஓட்டும் வரிசையைக் கண்டுபிடிக்க 1962-ல் ஆர்தர் கான் வெளியிட்ட முறையே போதும். உள்ளே வரும் எட்ஜ் இல்லாத நோட்டை எடு, ஓட்டு, அதிலிருந்து கிளம்பும் எட்ஜ்களை நீக்கு, மறுபடி பார். பைத்தான் 3.9 முதல் இது ‘கிராஃப்லிப்’ என்று கூடவே வருகிறது. ஒரே நேரத்தில் எவை தயார் என்பதையும் சொல்லிவிடும். ஊத்தங்கரை ஃபைலுக்காகத் தேன்கனிக்கோட்டை ஃபைல் காத்திருக்க வேண்டியதில்லை.

மே 9

விடுபட்ட நாட்களை நிரப்பத் தம்பி ஒரு நோட் எழுதினான். போச்சம்பள்ளியில் ஒரு நாள் அளவு இல்லையென்றால் பக்கத்து நிலையங்களின் சராசரியை எடுத்துக்கொள்ளும். சராசரி நோட்டோ, நிரப்பிய கணக்கைக் கேட்கிறது. வட்டம்! கான் முறையில் வட்டம் வந்தால் சில நோட்டுகள் கடைசிவரை மீந்து நிற்கும். “மீந்துவிட்டது” என்று மட்டும் சொன்னால் யாருக்கு என்ன பயன்? எரரில் வட்டத்தையே காட்ட வைத்தோம்:

நிரப்பு → சராசரி → நிரப்பு

பார்த்த உடனே, “அப்போ சராசரிக்கு நிரப்பாத கணக்கையே குடுத்துடலாம்ண்ணா” என்றான். ஒரே ஒரு எட்ஜ் மாறியது. எரர் செய்திக்குச் செலவிடும் நேரம் வீண் போகாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

மே 12

இன்று முழுக்க எட்ஜ் வேலை. நம் நாட்டில் ஒரு நாள் மழை என்றால் காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரம், அளந்த நாளின் தேதியில் ஏறும். 5-ம் தேதி சாயங்காலம் ஓசூரில் கொட்டியது 6-ம் தேதிக் கணக்கு. அணை மட்டம் எடுத்த நேரம் வேறு. இரண்டிலும் ‘தேதி’ என்றுதானே இருக்கிறது என்று நம்பி இணைத்தால், மழைக்கு முந்தியே அணை ஏறியதாக வந்து நிற்கும். எந்த நோட்டிலும் பிழை இருக்காது, விடை மட்டும் பொய்.

அதனால் ஒவ்வொரு எட்ஜும் மூன்றைச் சொல்லியாக வேண்டும்: அலகு என்ன, நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, காலிக் கட்டம் வரலாமா. கடைசியானதை விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அளக்காத நாள் வேறு, 0 மி.மீ. பெய்த நாள் வேறு. காலியை 0 ஆக்கினால் இல்லாத வறட்சி முளைக்கும். கொடுக்கும் நோட்டும் வாங்கும் நோட்டும் சொல்வது ஒத்துப்போகாவிட்டால், ஒரு வரி டேட்டாவைக்கூடத் தொடாமல் ஃப்ரேம்வொர்க் நின்றுவிடும்.

மே 16

கேஷ், அதாவது பழைய விடையைச் சேமித்து வைத்து மறுபடி எடுக்கும் வசதி, முடிந்தது. நோட்டின் நிரல், அமைப்புகள், உள்ளே வரும் டேட்டா எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ஹாஷ், அதாவது எது மாறினாலும் கூடவே மாறும் ஒரு கைரேகை. ஓசூர் ஃபைல் மாறினால் ஓசூரிலிருந்து கீழே போகும் நோட்டுகள் மட்டும் மறுபடி ஓடும்.

மே 20

மாவட்டம்தான் பெரிய சிக்கல். தருமபுரி, சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2. கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9. ஆக, தேன்கனிக்கோட்டையின் 1960 கணக்கு சேலத்தில், 1990 கணக்கு தருமபுரியில், 2010 கணக்கு கிருஷ்ணகிரியில். மாவட்டப் பெயரை வைத்துக் கூட்டினால் 2004-ல் தருமபுரியின் மொத்த மழை திடீரென்று விழுந்ததுபோல் தெரியும்.

நிலையத்தை மட்டும் சாவியாக, அதாவது கணக்கைச் சேர்க்கும் அடையாளமாக வைத்தோம். மாவட்டம் தேதியைப் பொறுத்து மாறும் தகவலாக, தனி எட்ஜில் வருகிறது. தம்பி டெஸ்டும் எழுதிவிட்டான்: 2004 பிப்ரவரி 8 கொடுத்தால் தேன்கனிக்கோட்டை தருமபுரி, 9 கொடுத்தால் கிருஷ்ணகிரி. இரண்டும் பாஸ். அடுத்து பென்னாகரம், அரூர், பாலக்கோடு ஃபைல்கள்.