எந்தத் தவறைப் பொறுத்துக்கொள்வது? ஒரு கிளைம் திட்டத்தில் நான் கற்ற வேலை

சாதாரண மென்பொருள் திட்டங்களை நடத்திப் பழகியவருக்குச் செயற்கை நுண்ணறிவுத் திட்டத்தில் முதலில் கைநழுவிப் போவது தேதி. தேவையை எழுதி, வடிவமைத்து, நிரல் எழுதினால் அது வேலை செய்யும் என்பது நம் பழைய உலகம். இங்கோ, தரவைக் கொடுத்துப் பயிற்றுவித்துப் பார்க்கும்வரை, அது வேலை செய்யுமா என்பதே யாருக்கும் தெரியாது. அந்த நிச்சயமின்மையை வாடிக்கையாளரிடம் நேர்மையாகச் சொல்லி, அதையும் மீறித் திட்டத்தை நகர்த்துவதுதான் புதிய வேலை.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் திட்ட மேலாளராக இருக்கிறேன். வங்கி, காப்பீடு ஆகிய துறைகளே எனக்குப் பழக்கம். ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளைம் பிரிவுக்காகச் செயற்கை நுண்ணறிவுத் திட்டம் ஒன்றை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. அதைப் பற்றி எழுதச் சொல்லிச் சக மேலாளர்கள் சிலர் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இது.

வாடிக்கையாளர் கேட்டது ஒரே வரி: "கிளைம்களை இயந்திரமே முடிவு செய்ய வேண்டும்." இதை அப்படியே தேவையாக எழுதிக்கொண்டிருந்தால் திட்டம் அன்றே தவறான பாதையில் போயிருக்கும். முடிவு என்றால் எந்த முடிவு? காகிதத்தைப் படிப்பது ஒன்று. படித்ததைப் பாலிசி நிபந்தனையோடு ஒப்பிடுவது வேறு. பணம் தரலாமா என்று சொல்வது அதற்கும் அப்பால். இவற்றைப் பிரித்துத் தனித்தனியாக மேசையில் வைத்தோம்.

அப்போது ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளைப் படித்தது பெரிய உதவியாக இருந்தது. இந்தியக் காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் அந்த ஆணையம், ஐஆர்டிஏஐ, 2024 மே மாத இறுதியில் வெளியிட்ட மருத்துவக் காப்பீட்டுச் சுற்றறிக்கையின்படி, கேஷ்லெஸ், அதாவது நோயாளி கட்டாமல் காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் கோரிக்கைக்கு 1 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். மருத்துவமனை டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதி கேட்டால் 3 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால் அது காப்பீட்டு நிறுவனத்தின் தலையில் விழும். அதே சுற்றறிக்கை, மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கிளைமையும் நிராகரிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆக, நிராகரிக்கும் வேலையை இயந்திரத்திடம் கொடுக்க வழியே இல்லை. வேகமாகப் பிரித்து அனுப்பும் வேலையைக் கொடுக்கலாம். அதற்கு அவசரத் தேவையும் இருந்தது. சிக்கலில்லாத கோப்புகளை ஒரு பக்கம், மருத்துவ அதிகாரி பார்க்க வேண்டியவற்றை இன்னொரு பக்கம் என்று பிரிப்பதுதான் எல்லை என முடிவானது. துறையின் விதிப் புத்தகத்தை மேலாளரே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம். சட்டப் பிரிவின் சுருக்கத்தை மட்டும் நம்பியிருந்தால் இந்த எல்லை கடைசிக் கட்டத்தில்தான் கண்ணில் பட்டிருக்கும்.

அடுத்து தரவு. "எங்களிடம் பல வருடக் கோப்புகள் இருக்கின்றன" என்றார்கள். உண்மைதான், இருந்தன. ஈரோட்டிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் கைப்பேசியில் சாய்வாக எடுத்து அனுப்பிய பில்கள், எழுத்து மங்கிப்போன வெப்பத்தாள் ரசீதுகள், தொகையின் மேலேயே விழுந்திருந்த ஊதா முத்திரைகள். ஒரே ஆளின் பெயரில் இனிஷியல் பாலிசியில் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், மருத்துவமனைப் பதிவேட்டில் தந்தையின் முழுப்பெயராகவே நீண்டிருக்கும். வெளிநாட்டில் பயிற்றுவிக்கப்பட்ட மென்பொருள் அந்த ஒருவரையே மூன்று வெவ்வேறு மனிதர்களாக எண்ணும். நான் என் குழுவிலிருந்த தரவு அறிவியலர்களைக் கிளைம் பிரிவின் மேசைகளுக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தேன். அங்கே இருந்த மூத்த ஊழியர்கள் ஒரு கோப்பை எப்படிப் புரட்டுகிறார்கள், எந்தப் பக்கத்தை முதலில் தேடுகிறார்கள் என்று பார்த்ததில் கிடைத்த தெளிவு எந்தத் தேவை ஆவணத்திலும் கிடைக்காது.

இந்தத் திட்டத்தின் உயிர்நாடி என்று நான் நினைப்பது இதற்கு அடுத்த கட்டம். இயந்திரத்துக்குக் கற்பிக்க, பழைய கோப்புகளில் "இது சிக்கலில்லாதது", "இதை மருத்துவர் பார்க்க வேண்டும்" என்று மனிதர்கள் குறிக்க வேண்டும். செலவைக் குறைக்க ஒரு கோப்பை ஒருவர் பார்த்தால் போதும் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு பகுதிக் கோப்புகளையாவது இரண்டு மருத்துவ அதிகாரிகள், ஒருவர் குறித்தது மற்றவருக்குத் தெரியாமல், தனித்தனியாகக் குறிக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினேன்.

இருவரும் பெரும்பாலும் ஒத்துப்போனார்கள் என்று முதல் அறிக்கை வந்தது. அங்கேதான் கொஞ்சம் புள்ளியியல் தேவைப்படுகிறது. 100 கோப்புகளில் இருவரும் 90-இல் ஒரே முடிவு சொன்னார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் இருவருமே 90 விழுக்காடு கோப்புகளை "சிக்கலில்லை" என்று குறிப்பவர்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 82 கோப்புகளில் ("சிக்கலில்லை" என்பதில் 81, மற்றதில் 1) ஒத்துப்போவார்கள். ஜேக்கப் கோஹன் 1960-இல் முன்வைத்த கப்பா என்ற அளவு இந்தத் தற்செயலைக் கழித்துவிட்டுப் பார்க்கிறது. முழு ஒற்றுமைக்கு 1 என்ற கணக்கில், இந்த எடுத்துக்காட்டில் அது ஏறக்குறைய 0.44 மட்டுமே. 90 என்று கேட்டு மகிழ்ந்தவர்கள் 0.44 என்றதும் நிமிர்ந்து உட்கார்வார்கள். எங்கள் கூட்டத்திலும் அதுதான் நடந்தது.

முரண்பட்ட கோப்புகளை மட்டும் எடுத்து இரு மருத்துவர்களையும் எதிரெதிரே அமர்த்திப் பேச வைத்தேன். டெங்கு கோப்பு ஒன்று. தட்டணுக்கள் கொஞ்சம் குறைந்திருந்தன, நோயாளி நல்ல நிலையில் இருந்தார், இரண்டு நாள் உள்நோயாளியாக வைத்திருந்தார்கள். "இதற்கு அட்மிஷனே தேவையில்லை, கேள்வி கேட்க வேண்டும்" என்றார் ஒருவர். "நோயாளியின் ஊர் மருத்துவமனையிலிருந்து வெகு தூரம் சார். மழைக்காலத்தில் அனுப்பிவிட்டு, இரவில் இரத்தப்போக்கு வந்தால் யார் பதில் சொல்வது? நானாக இருந்தாலும் சேர்த்திருப்பேன்" என்றார் மற்றவர். இரண்டு வாதங்களிலும் நியாயம் இருந்தது. இன்னொரு கோப்பில், பாலிசி அனுமதித்த வரம்புக்கு மேல் வாடகையுள்ள அறை எடுத்திருந்தார்கள். அப்படி எடுத்தால் தொடர்புள்ள மற்றச் செலவுகளையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டிவரும். அதைக் கணக்குப் பிரிவு பார்த்துக்கொள்ளும் என்று ஒருவர் விட்டிருந்தார், மற்றவர் குறித்திருந்தார். நிறுவனத்தில் எழுதப்படாமல், ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டிருந்த விதிகள் இப்படி ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவற்றை ஒரு வழிகாட்டிக் குறிப்பாக எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கி, மறுபடியும் குறிக்கச் சொன்னோம். கால அட்டவணை இதனால் நீண்டது. நீண்டதற்காக நான் வருந்தவில்லை. மருத்துவர்களே ஒத்துப்போகாத இடத்தில் இயந்திரத்திடம் எதை எதிர்பார்ப்பது?

இந்த வேலைக்கு வேண்டிய திறமை தொழில்நுட்பம் சார்ந்ததல்ல. இரண்டு நிபுணர்களை, ஒருவர் மற்றவர் முன் தோற்றுப்போனதாக உணராதபடி பேச வைக்கத் தெரிய வேண்டும். கூட்டம் நடத்தி நடத்தி நாம் ஏற்கெனவே பழகிய கலைதான் அது. செயற்கை நுண்ணறிவு வந்ததும் நம் பழைய அனுபவமெல்லாம் வீண் என்று கலங்கும் மேலாளர்களுக்கு இதை உரக்கச் சொல்ல விரும்புகிறேன்.

"எத்தனை விழுக்காடு சரியாகச் சொல்லும்?" மேலிடம் கேட்கும் கேள்வி எப்போதும் இதுதான். 1,000 கிளைம்களில் 30-ஐ மருத்துவர் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், எல்லாவற்றையும் "சிக்கலில்லை" என்று சொல்லும் இயந்திரம் 97 விழுக்காடு சரி. அது ஒரு கோப்பைக்கூடப் பிடிக்கவில்லை, ஆனாலும் 97. அதனால் கேள்வியை இரண்டாகப் பிரித்துக் கிளைம் பிரிவின் தலைவர் முன் வைத்தேன். பார்க்க வேண்டிய 30-இல் எத்தனையைப் பிடித்தது என்பது ரீகால். பிடித்தவற்றில் எத்தனை உண்மையிலேயே பார்க்க வேண்டியவை என்பது பிரிசிஷன். ஒன்றைக் கூட்டினால் பெரும்பாலும் மற்றது குறையும்.

அவரிடம் நான் கேட்டது இதுதான்: "மேடம், பார்க்க வேண்டிய கோப்பு நழுவிப்போனால் பணம் போகும். சிக்கலில்லாத கோப்பை மருத்துவரிடம் அனுப்பினால், நோயாளியின் மகன் டிஸ்சார்ஜ் கவுண்டர் முன் கூடுதலாகக் காத்திருப்பார். முதல் வகைத் தவறு ஒன்றைத் தவிர்க்க இரண்டாம் வகைத் தவறு எத்தனையை ஏற்பீர்கள்?" அவர் உடனே பதில் சொல்லவில்லை. நிதிப் பிரிவையும் மருத்துவப் பிரிவையும் கலந்து பேசி, தொகை சிறியதாக உள்ள கிளைம்களுக்கு ஒரு விகிதமும் பெரியவற்றுக்கு வேறு விகிதமும் எழுத்தில் கொடுத்தார். அந்தத் தாள் கையில் இருந்ததால், பிறகு எந்த மாடலை, அதாவது பயிற்றுவித்த எந்த இயந்திரத்தை, தேர்ந்தெடுப்பது, வரம்பை எங்கே வைப்பது என்ற விவாதங்கள் எளிதாகிவிட்டன. இந்தக் கேள்வியைத் தரவு அறிவியலர் கேட்கக் கூடாது. கேட்டால் அது தொழில்நுட்பக் கேள்வியாகவே மதிக்கப்படும். பதிலும் கீழ்மட்டத்திலிருந்துதான் வரும்.

அட்டவணை விஷயத்துக்கு வருகிறேன். 1990-களின் பிற்பகுதியில் உருவான கிரிஸ்ப்-டிஎம் என்ற, தரவுத் திட்டங்களுக்கான ஆறு கட்ட முறை இன்றும் கைகொடுக்கிறது. அதன் படத்தில் அம்புகள் பின்னோக்கியும் போகும். தரவைப் பார்த்த பிறகு வணிகக் கேள்விக்கே திரும்பி வரலாம் என்று அது வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. திட்ட மேலாளர்களுக்குச் சான்றிதழ் தரும் பிஎம்ஐ அமைப்பு 2024-இல் காக்னிலிட்டிகா நிறுவனத்தை வாங்கித் தன்னுடையதாக்கிக்கொண்ட சிபிஎம்ஏஐ என்ற செயற்கை நுண்ணறிவுத் திட்டப் பயிற்சியும் இதே போன்ற ஆறு கட்டங்களைக் கொண்டதுதான். சான்றிதழ் வேண்டுமென்றால் அதைப் படிக்கலாம். நாங்கள் செய்தது, ஒவ்வொரு கட்டத்துக்கும் கால வரம்பு வைத்து, முடிவில் "தொடரலாமா, நிறுத்தலாமா" என்ற கேள்வியை ஒப்பந்தத்திலேயே சேர்த்தது. "மாடல் தயார்" என்பதற்குப் பணம் என்ற நிபந்தனையை மாற்றி, "ஒப்புக்கொண்ட சோதனைத் தொகுப்பின் மீது மதிப்பீட்டு அறிக்கை" என்பதற்குப் பணம் என்று எழுதினோம். அந்தச் சோதனைத் தொகுப்பு வாடிக்கையாளரின் பொறுப்பில் இருந்தது. என் குழுவினர் யாரும் அதை முன்கூட்டிப் பார்க்க முடியாது.

பில்லிலிருந்து விவரங்களை எடுக்கப் பெரிய மொழி மாடல் ஒன்றைப் பயன்படுத்தினோம். செயல்விளக்கத்தில் அது அழகாகப் பேசியது. ஆனால் பில்லில் தேதி இல்லாதபோது, பொருத்தமான தேதி ஒன்றைத் தானே எழுதிவிட்டது. இத்தகைய மாடல்களின் இயல்பு இது. எனவே எடுக்கும் ஒவ்வொரு விவரத்துக்கும் அது பக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்ட வேண்டும், காட்ட முடியாவிட்டால் வெற்றிடமாக விட வேண்டும் என்பதைக் கட்டாய நிபந்தனையாக்கினோம். இன்னொன்றும் தெரிந்துகொண்டேன்: இந்த மாடல்களில் பலவற்றில் ஒரே செய்தி ஆங்கிலத்தைவிடத் தமிழில் அதிக டோக்கன்களை, அதாவது மாடல் உரையை வெட்டிப் படிக்கும் சிறு துண்டுகளை, எடுக்கும். கட்டணம் டோக்கன் கணக்கில் என்பதால், தமிழ்ப் பக்கங்கள் உள்ள திட்டத்துக்குச் செலவு மதிப்பீடு போடும்போது இதைச் சேர்த்தே ஆக வேண்டும்.

இடையில், பாலிசிதாரர்களின் கேள்விகளுக்கும் ஒரு உரையாடல் செயலியே பதில் சொல்லட்டுமே என்ற யோசனை வந்தது. நான் ஏர் கனடா விமான நிறுவனத்தின் வழக்கை எடுத்துவைத்தேன். தன் இணையதளச் செயலி பயணி ஒருவருக்குத் தவறான தகவல் தந்ததற்குத் தான் பொறுப்பல்ல என்று அந்த நிறுவனம் வாதிட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்கவில்லை. யோசனை தள்ளிவைக்கப்பட்டது. மருத்துவத் தரவு என்பதால் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தொடக்கத்திலிருந்தே எங்கள் முன் இருந்தது. சட்டம் 2023-இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. விதிகளுக்காகக் காத்திராமல், பெயரையும் அடையாள எண்களையும் மறைத்த பிரதிகளை மட்டுமே பயிற்சிக்கு எடுத்தோம்.

ஊழியர்களின் அச்சம் தனிக் கதை. வேலை போய்விடுமா என்று நேரடியாகவே கேட்டார்கள். என்னால் தர முடியாத வாக்குறுதியை நான் தரவில்லை. அதற்குப் பதிலாக, அந்தக் கேள்விக்கு அவர்கள் நிர்வாகமே எழுத்தில் பதில் சொன்ன பிறகுதான் முன்னோட்டம் தொடங்கும் என்று நிபந்தனை வைத்தேன். முன்னோட்டம் தொடங்கியதும் எதிர்த் திசையில் ஓர் ஆபத்து தெரிந்தது: திரையில் "சிக்கலில்லை" என்று பச்சை நிறத்தில் வந்தால் கோப்பைத் திறக்காமலே ஒப்புதல் தரும் பழக்கம். அதனால் சில கோப்புகளில் இயந்திரத்தின் கருத்தை மறைத்துவைத்து, ஊழியரின் முடிவை முதலில் வாங்கினோம்.

செயல்பாட்டுக்கு வந்த பிறகும் திட்டம் முடியவில்லை. வடகிழக்குப் பருவமழை வந்ததும் காய்ச்சல் கிளைம்கள் கூடின. மருத்துவமனை ஒன்று பில் வடிவத்தை மாற்றியது. ரீகால் மெல்லக் குறைந்தது. இதைக் கண்காணிக்கும் செலவை நிதிப் பிரிவு "பராமரிப்பு" என்ற தலைப்பில் வெட்டப் பார்த்தது. ரீகால் குறைந்த வரைபடத்தையும், கிளைம் பிரிவின் தலைவர் முன்பு எழுதிக்கொடுத்த விகிதத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். வெட்டு திரும்பப் பெறப்பட்டது. இப்போது மாதந்தோறும் கோப்புகளில் ஒரு மாதிரியை எடுத்து இரு மருத்துவர்களும் மறுபடி தனித்தனியாகக் குறிக்கிறார்கள். ரீகால் ஒப்புக்கொண்ட அளவுக்குக் கீழே இறங்கினால் தானியங்கிப் பிரிப்பை நிறுத்தும் அதிகாரம் கிளைம் பிரிவிடமே இருக்கிறது. அதற்கு என் ஒப்புதலோ என் நிறுவனத்தின் ஒப்புதலோ தேவையில்லை.