85.40 அடி

நவம்பர் 9
செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இதில் சந்தேகமில்லை. ஆழம்தான் உதைக்கிறது. ஒரு குறிப்பில் 24 அடி, இன்னொரு குறிப்பில் 85.40 அடி. இரண்டும் அரசுக் கணக்கு.

நவம்பர் 10
மழை. பள்ளிக்கு விடுமுறை. 85.40 எங்கிருந்து வந்தது?

நவம்பர் 11
குறிப்பெடுக்கும் முறை: ஏ4 தாளை நாலாக வெட்டி, துண்டுக்கு ஒரு தகவல். வலது மேல் மூலையில் மூலத்தின் எண், பக்கம், பார்த்த தேதி. நம் வார்த்தையில் எழுதினால் நீல மை. அப்படியே எடுத்தால் சிவப்பு மை, மேற்கோள் குறியோடு. இதை விட்டால் பத்து நாள் கழித்து எது நம் வரி, எது புத்தகத்து வரி என்று யாராலும் பிரிக்க முடியாது. பிடிஎஃப்பில் இன்னொரு வம்பு: திரையில் தெரியும் பக்க எண் வேறு, தாளில் அச்சான எண் வேறு. முன்னுரைப் பக்கங்கள் கணக்கைத் தள்ளிவிடும். அச்சான எண்ணைத்தான் குறிக்க வேண்டும்.

நவம்பர் 12
எழும்பூர், கன்னிமாரா நூலகம். தலைப்புப் பக்கத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் பதிப்பாண்டைப் பார்க்காமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது. மறுபதிப்பு ஆண்டை மட்டும் போட்டால் பழைய புள்ளிவிவரம் புதுசு போலத் தெரியும்.

நவம்பர் 13
கிடைத்துவிட்டது! குடிநீர் வாரியத்தின் தினசரி ஏரி அட்டவணையில் பூண்டி ஏரிக்கு 140 அடி. அவ்வளவு ஆழமான ஏரி சென்னைப் பக்கம் ஏது? அந்த அளவெல்லாம் கடல் மட்டத்திலிருந்து. 24 என்பது ஏரிக்குள் நிற்கும் தண்ணீர். இரண்டும் சரி. எங்கிருந்து அளந்தது என்று எழுதாத எண்ணைத் துண்டில் ஏற்றவே கூடாது.

நவம்பர் 15
2015 டிசம்பர் வெள்ளம். செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் திறந்துவிட்டது 29,000 கன அடி என்று மூன்று இணையதளங்கள். மூன்றிலும் 'விநாடிக்கு' இல்லை, மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை. அப்படியானால் மூலம் மூன்றல்ல, ஒன்றுதான். 'விநாடிக்கு' விழுந்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. கணக்குப் போட்டால் தெரியும்: 29,000 × 86,400, கிட்டத்தட்ட 2,506 மில்லியன் கன அடி. அதே வேகத்தில் ஒரு நாள் முழுக்க ஓடினால், நிறைந்த ஏரியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். அந்த இரவில் அடையாற்றங்கரை பட்ட பாடு இந்தப் பெருக்கலில்தான் புரிகிறது. பிள்ளைகள் இதைத் தங்கள் கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 16
பழைய செய்தித்தாள் நறுக்கில் 'நேற்று' என்று இருந்தால் உடனே தேதியாக மாற்று.

நவம்பர் 18
மற்ற ஏரிகளின் முழுக் கொள்ளளவு, மில்லியன் கன அடியில்: சோழவரம் 1,081. புழல் 3,300. 31-ஆம் துண்டில் பார்த்த தேதி இல்லை. அந்த அட்டவணை தினமும் மாறும். திரும்பப் பார்க்க வேண்டும்.