பேசலாம், பாடக் கூடாது

பேண்ட் சைஸ் 34 என்பதால் எனக்குத் தொப்பையே இல்லை என்று பத்து வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். பேண்ட் நிற்பது வயிற்றுக்குக் கீழே, வயிறு அதற்கு மேலே தனிக்குடித்தனம் நடத்துகிறது, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று இஞ்சு டேப் வைத்துக் காட்டினார் டாக்டரம்மா. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றினார். நான் வழக்கம்போல் மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டேப்பைப் பிடித்தபடியே சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம்தான் அடக்குவது, விட்டுவிட்டேன். 98 சென்டிமீட்டர்.

நம்ம ஊர் ஆம்பளைக்கு 90க்குள் இருக்க வேண்டுமாம். கூடவே ரத்தப் பரிசோதனைத் தாளில் மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு 6.1. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு வாசற்படி, 6.5 வந்தால் வீட்டுக்குள்ளேயே வந்த மாதிரி. "இப்போதைக்கு மாத்திரை வேணாம், நடங்க. வாரத்துக்கு 150 நிமிஷம். அரை மணி நேரம் வீதம் அஞ்சு நாள்" என்றார்.

"எவ்ளோ வேகமா மேடம்?"

"நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அவ்ளோதான்."

இதை நான் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கலாம். படிக்கட்டில் எதிரே வந்த மாடி வீட்டு அண்ணனிடம் சொல்லித் தொலைத்தேன்.

அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயசு 58. பகலில் ஹார்பர் பக்கம் வேலை, ராத்திரியில் கானா. பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்து வியாசர்பாடி வரைக்கும் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஆள் அனுப்புவார்கள். ராத்திரி பத்து மணிக்கு டோலக்கை மடியில் வைத்தால் விடியற்காலையில் பால் வண்டி வரும்வரை குரல் இறங்காது. மைக் வைத்துக்கொண்டு பாடுவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற பழைய ஆள். "எனக்கும் சுகர் கீதே தம்பி, நானும் வரேன்" என்றார். துணைக்கு ஆள் கிடைத்ததே என்று நானும் சரி என்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ராபின்சன் பூங்கா. 1949ல் கொட்டுகிற மழையில் திமுகவின் முதல் கூட்டம் நடந்த இடம், இப்போது அண்ணா பெயரில் இருக்கிறது. ஏரியாவில் பெரிசுங்க இன்னமும் ராபின்சன் என்றுதான் சொல்வார்கள். இரண்டாவது சுற்றில் எனக்கு நாக்கு வெளியே வந்துவிட்டது. அண்ணன் பக்கத்தில் கையை வீசிக்கொண்டு வருகிறார். சோதித்துவிடலாமே என்று "அண்ணா... ஒரு பாட்டு..." என்றேன். அதற்கே இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது.

பாடினார். சும்மா முணுமுணுப்பு இல்லை, முழுக் குரலில், செத்துப்போன யாரோ ஒரு மேஸ்திரியின் அருமை பெருமைகளை நாலு சரணத்துக்கு. வேப்பமரத்துக் காக்காய்கள் எழுந்து போயின. "பாட முடியுதே தம்பி, அப்போ வேகம் பத்தலை" என்று எட்டி வைத்தார். ஐந்தாவது சரணம். இன்னும் வேகம். ஆறாவது சரணம். நான் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன், என்னால் பாடவும் முடியவில்லை பேசவும் முடியவில்லை, அழ வேண்டுமானால் கொஞ்சம் முடிந்திருக்கும்.

யோசித்துப் பார்த்தால் டாக்டரம்மா சொன்னதில் தப்பே இல்லை. மிதமான வேகத்தில் நடக்கும்போது பேசுகிற அளவுக்கு மூச்சு மிஞ்சும், பாட்டுக்கு நீளமாக மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதால் அது முடியாது, இது உலகம் முழுக்க டாக்டர்கள் சொல்கிற எளிய சோதனை. நாற்பது வருஷமாக ராத்திரி முழுக்க மூச்சைப் பிடித்துப் பழகிய நெஞ்சை மட்டும் அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

மூன்றாம் நாள் நாலு பெரியவர்கள் எங்கள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். நடைக்காக இல்லை. ஐந்தாம் நாள் பத்துப் பேர், அதில் ஒருவர் தீப்பெட்டியில் தாளம் போட்டார். கூட்டம் பாட்டுக்கு ஏற்ற மாதிரி நடக்க ஆரம்பித்தது, கானா சோகமாக இறங்கினால் நடையும் இறங்கும். இரண்டாவது வாரம் யாருமே நடக்கவில்லை. அண்ணன் சிமெண்ட் பெஞ்சில், மற்றவர்கள் சுற்றிலும். இறந்துபோன தன் அண்ணனுக்கு ஒன்று பாடச் சொல்லி ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் எல்லாரும் எதிரில் இருந்த கடைக்குப் போய் டீ, ஆளுக்கு இரண்டு மெதுவடை. அரை மணி நேர நடையில் ஏதோ 150 கலோரி கரையும், இரண்டு வடை அதை அலட்சியமாகத் திருப்பிக் கொடுத்துவிடும். நாங்களோ நடக்கவே இல்லை. மாசக் கடைசியில் எடை பார்த்தால் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது.

அப்புறம்தான் என் பொண்ணு தன்னுடைய பழைய வாட்ச்சைக் கொடுத்தாள், காலடி எண்ணுவது. நாளைக்குப் பத்தாயிரம் என்று குறி. இந்தப் பத்தாயிரம் ஏதோ மருத்துவ சாஸ்திரத்தில் இருந்து வந்தது என்று நினைத்திருந்தேன். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டோடு 1965ல் ஜப்பானில் விற்ற ஒரு காலடி மீட்டருக்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று அர்த்தம் வருகிற மாதிரி பெயர் வைத்தார்களாம், அந்த விளம்பரம்தான் இன்றைக்கு நம் கையில் கட்டியிருக்கிறது. அதற்குக் குறைவாக நடந்தாலும் பலன் உண்டு என்று தெரிந்தபோது பெரிய நிம்மதி.

அண்ணன் அந்த வாட்ச்சை ஒரு ராத்திரிக்குக் கடன் கேட்டார். காலையில் கொண்டுவந்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். 17,412. "உக்காந்த எடத்துலயே முடிச்சிட்டேன் தம்பி." விடிய விடிய டோலக் அடித்த கை அது. கை ஆடினால் நடை என்று எண்ணிக்கொள்ளும் அந்த வாட்ச்சுக்குக் காசிமேடு எது, கச்சேரி எது என்று எப்படித் தெரியும். இன்னும் மூன்று நாளைக்கு அவர் நடக்க வரவில்லை, மிச்சம் இருக்கிறதாம்.

இதற்கு நடுவில் என் சொந்தச் சாதனை ஒன்று. வாரத்தில் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்பதும் டாக்டரம்மா சொன்னதுதான். நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருப்பதே போதும், பத்துப் பத்தாக ஆரம்பியுங்கள் என்றிருந்தார். நான் முதல் நாளே அறுபது. அன்றைக்கு ஒன்றும் இல்லை, வலி மறுநாள்தான் வந்தது, அதற்கு மறுநாள்தான் தன் முழு ரூபத்தைக் காட்டியது. பழக்கமில்லாத வேலை கொடுத்தால் தசை அப்படித்தான், ஒரு நாள் தள்ளிக் கணக்குத் தீர்க்கும். படி ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை, தொடை இரண்டும் பிடித்துக்கொள்ள, கம்பியைப் பற்றியபடி பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினேன். கீழே பல் விளக்கிக்கொண்டிருந்த அண்ணன், "இன்னாபா, தேர் எறக்குற மாதிரி எறங்குற" என்றார். என் வீட்டம்மா மேலே நின்றுகொண்டு "ஏங்க, கட்டை போடட்டுமா?" என்று சேர்ந்துகொண்டாள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி அதே ரத்தப் பரிசோதனை. அது கணக்கெடுப்பது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை, சிவப்பணுவின் ஆயுசே 120 நாள் சுமார் என்பதால் மூன்று மாதம் ஆகும் முன்னால் எடுத்துப் பிரயோசனம் இல்லையாம். அண்ணனும் கூட வந்தார். எனக்கு 5.9. வடையை நிறுத்தி, பூங்காவை விட்டுவிட்டு, தனியாக வேறு தெருவில் நடந்த கடைசி ஆறு வாரத்தின் புண்ணியம் அது, அதை அண்ணனுக்கு எதிரில் சொல்ல முடியவில்லை. அவருடைய தாளைப் பார்த்த டாக்டரம்மா, "நடக்குறீங்களா இல்லையா? எந்த வேகத்துல?" என்றார்.

"எந்த வேகத்துல நடந்தாலும் பாட முடியுது மேடம்."

"சும்மா சொல்லாதீங்க."

சொல்லியிருக்கக் கூடாது. மூன்றாவது வரியில் வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு பாட்டி, யாருக்கோ உள்ளே முடிந்துவிட்டது என்று நினைத்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா தண்ணீர் குடித்தார். "உங்களுக்கு அந்தச் சோதனை வேணாங்க. நாடியை எண்ணுவோம்." 220ல் இருந்து வயசைக் கழித்து, 162. அதில் 64ல் இருந்து 76 சதவீதத்துக்குள் நாடி ஓட வேண்டும், அதாவது நிமிஷத்துக்கு 104 முதல் 123 வரை. பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கிக்கொள்ளுங்கள் என்று மணிக்கட்டில் விரலை எங்கே வைப்பது என்றும் காட்டிக் கொடுத்தார். அண்ணன் ரொம்பப் பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் ரோட்டோரமாக விறுவிறுவென்று நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் நின்று, விரலை நாடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் என் வாட்ச்சைப் பார்த்துப் பதினைந்து விநாடி ஆனதும் "எவ்ளோ வந்துச்சுணா?" என்றேன். பதில் இல்லை. முப்பது விநாடி. தலை லேசாக ஆட ஆரம்பித்தது, அப்புறம் இடது கால்.

"தாளம் சோக்கா கீது தம்பி" என்று சொல்லிவிட்டு, எண்ணாமலேயே, அதே வேகத்தில் எடுத்தார்.